எழுத்து கோணவில்லை

அன்புள்ள சோரா,

டப்பாவைக் கழுவி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு முந்தின நாள் நீ போன் செய்தபோது எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. "அக்கா, கை ரொம்ப வலிக்குதா? படையலுக்கு நான் ஒருத்தியே சமைச்சுக்குவேன், நீங்க பேசாம படுங்க" என்றாய். வலிக்கிறது என்றேன். அலைச் சத்தத்தை டிவி என்றேன்.

நான் பூசான் கடற்கரையில் இருந்தேன். என் வீட்டுக்காரர், உன் மூத்தார், மாமியார் வீட்டுக்குக் கிளம்பியதும், வலது கையில் மாட்டியிருந்த போலி மாவுக்கட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளித் தோழிகளோடு ரயிலேறினேன். பதினாறு வருஷம் நம் மாமியார் வீட்டு அடுப்படியில் வெந்தவள்தானே நானும்? மணலில் நின்று தோழி ஹேரான், "ஏ ஒடிஞ்ச கைக்காரி, நீயே படம் புடிடி!" என்று கத்தினாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

நேற்று அவர் உன் டப்பாவைக் கொண்டுவந்தார். பொரித்த மீனையெல்லாம் ஒரு வாய் அளவுக்கு நறுக்கி, சாப்ஸ்டிக்குக்குப் பதில் முள்கரண்டி வைத்திருந்தாய். "இடது கையால சாப்பிட வசதியா இருக்கும்னு சொல்லுச்சு" என்றார்.

மறுபடி மாட்டிக்கொண்ட கட்டோடு, அவர் எதிரிலேயே, இடது கையால் அத்தனையும் தின்றேன்.

இதை வலது கையால் எழுதுகிறேன். எழுத்து ஒன்றும் கோணவில்லை, பார்.

உன் அக்கா