உன் பங்குப் பழம்

அம்மா அந்த மஞ்சள் பையைத் துவைக்கக் கேட்கிறாள். தர மாட்டேன் என்று என் தலைமாட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். சாரலில் நனைந்து வந்த பை. எண்ணெயும் எள்ளும் ஈரமுமாக ஒரு வாடை. மூக்கை உள்ளே விட்டால் குற்றாலம். இன்னும் கொஞ்சம் விட்டால் நீ.

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு நம் இரண்டு பேர் சொத்தும் இந்த ஒரு பையில் அடங்கிவிட்டது: ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சட்டை, ஒரு பொட்டலம் அவல். இறந்துபோன என் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு வா என்று அம்மா அனுப்பினாள். திருநெல்வேலியிலிருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்புகிற காரியம். ஒருவன் ஒரு நாள் போய்வரக் கொடுத்த காசில் இரண்டு பேர் மூன்று நாள் சீசன் பார்க்கலாம் என்று கணக்கில் எப்போதும் கோட்டை விடும் நீ சொன்னாய். உன் வீட்டில் நீ சொன்ன காரணம் இன்னும் ஜோர்: "அவன் தனியாப் போனா அழுவான்மா."

தென்காசி வரை ரயில். அங்கிருந்து பஸ் காசை மிச்சம் பிடிக்க இலஞ்சி வழியாக நடை. சத்திரத்துக் காவல்காரர், "இங்கன நிக்கதுக்கே எடமில்ல, படுக்க வந்துட்டானுவ" என்று விரட்டினார். நீ, "நின்னுக்கிட்டே தூங்குதோம் அண்ணாச்சி" என்றாய். மனிதர் சிரித்துவிட்டார். விறகு அடுக்கிய மூலை நமக்குக் கிடைத்தது.

அருவியில் அதைவிடக் கூத்து. பணக்காரத் தொந்திகள் எல்லாம் ஆள் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு மினுமினுவென்று வந்தன. நமக்கு அதற்கு வழியில்லை. வழியும் எண்ணெயோடு ஒரு தொந்தி அருவிக்குள் நுழைந்ததும், நீ பின்னாலேயே நுழைந்து நெரிசலில் முதுகோடு முதுகு உரசினாய். "ரெண்டு தொந்தி ஒரசுனா ஒரு எண்ணெய்க் குளியல்லே" என்று கத்தினாய். அருவிச் சத்தத்தில் தொந்திக்குக் கேட்கவில்லை.

அமாவாசைக் காலையில், அருவித் தண்ணீர் ஓடுகிற கரையில் ஐயர் முன்னால் உட்கார்ந்தேன். தர்ப்பணம் முடியும்வரை நான் சாப்பிடக் கூடாது. உனக்கு அந்தக் கட்டாயமில்லை. ஆனாலும் நீயும் சாப்பிடாமல் பின்னால் நின்றாய். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பழம் இலையில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று பழம் வைத்தாயிற்று. ஐயர் கேட்டார்: "வேற யாரும் உண்டா? சிநேகிதா, தெரிஞ்சவா, யாருக்கு வேணாலும் விடலாம்."

என் நாக்கு சும்மா இருக்குமா? உன் பெயரைச் சொன்னேன்.

"என்ன உறவு?"

"சிநேகிதன் சாமி."

"அடப்பாவமே. எப்போ போனான்?"

"இப்பத்தான் சாமி."

பின்னால் நீ சிரிப்பை அடக்க இருமினாய். ஐயர் கண்ணை மூடி மந்திரம் சொன்னார். என் விரலிடுக்கில் எள்ளும் தண்ணீரும் இறங்கின. அவர் எழுந்து போனதும் நாலாவது பழத்தை எடுத்து உரித்தாய். "ஏலே, வைலே, காக்காய்க்கு!" என்றேன். "எம்பேருக்கு வச்சத நான் திங்காம யாரு திம்பா?" என்று இரண்டே வாயில் முடித்தாய். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஐப்பசியில் உனக்கு நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை.

செய்தி சொன்னவனிடம், "போலே, இது அவன் ஏற்பாடு" என்றேன். உன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்தபோதும், பயல் இத்தனை பேரை எப்படிச் சேர்த்தான் என்றுதான் முதலில் தோன்றியது. உன் விலாவில் விரலால் குத்திக்கூடப் பார்த்தேன். அங்கே குத்தினால் நீ கூச்சம் தாங்க மாட்டாய். தாங்கினாய். அப்போதுதான் குத்திய கையைப் பார்த்தேன். இருக்கிறவன் பெயருக்கு எள் இறைத்த கை இது. அதை யாரிடமும் சொல்லாமல் ஒன்பது மாதம் திரிந்தேன்.

இந்த ஆடிக்குப் பையோடு புறப்பட்டபோது தெருமுனையில் உன் அப்பா நின்றார். கையில் ஒரு பழம். "பெத்தவன் பிள்ளைக்கு விடக்கூடாதாம்லே. அவனுக்கு வேற ஆளும் இல்ல. நீ ஒரு கை விடுதியா?"

"போன வருஷமே விட்டுட்டேன் மாமா" என்று உளறிவிட்டேன். பிறகு மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அவன் என்ன செஞ்சான்?" என்றார் கடைசியில்.

"சிரிச்சான் மாமா. அந்தப் பழத்தையும் தின்னுட்டான்."

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. "பசி தாங்க மாட்டான்" என்றார். பழத்தைப் பைக்குள் போட்டார். "இந்தத் தடவயும் வை."

வைத்தேன். குற்றாலத்தில் அதே கரை, வேறு ஐயர், அதே கேள்வி. "எப்போ போனான்?"

"ஐப்பசியில சாமி." நாக்குக்கு வேறு எதுவும் வரவில்லை.

பின்னால் யாரோ இருமினார்கள். வெடுக்கென்று திரும்பினேன். துண்டு கட்டிய ஒரு பெரியவர், குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார். திரும்பிய அந்த நொடியில் ஒரு குரங்கு இலையில் கை வைத்தது. மூன்று பழத்தை விட்டுவிட்டு உன் பழத்தை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறியது.

"ஏலே, வைலே! அது அவன் பழம்!" என்று கத்தினேன். கரையே திரும்பிப் பார்த்தது. குரங்கு மட்டும் என்னைப் பார்க்கவில்லை. சாவகாசமாக உரித்தது.

ஊருக்கு வந்ததும் உன் அப்பாவிடம் நேரே போய்ச் சொன்னேன்.

"முழுசும் தின்னுச்சா?"

"முழுசும் மாமா."

"அப்பம் சரி."

பையின் மூலைத் தையலில் நாலைந்து எள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எது போன வருஷம் விளையாட்டுக்கு இறைத்ததில் மிஞ்சியது, எது இந்த வருஷம் மிஞ்சியது, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியவில்லை. அம்மா மறுபடியும் கேட்கிறாள். தர மாட்டேன்.