தேன்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

பிப்ரவரி 4

சமையலறை டப்பாக்களை என் வீட்டுக்காரர் உயர வரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டார். காலையில் காபியில் உப்பு.

ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓடுகிற பெல்ட்டில் ஓரம் உடைந்த பிஸ்கட்டைப் பார்த்துத் தட்டிவிடுவதுதான் வேலை. இப்போது பெல்ட்டில் நான் ஒருத்திதான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

பின்னறையில் தைத்துக்கொண்டிருந்தால் அங்கேயும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொள்கிறார். "இந்தத் தையல் ஒரு நூல் தள்ளியிருக்கு பாரு." "அது சுருக்கம் வைக்கிற இடங்க." "ஆனாலும் தள்ளியிருக்கு." துணி தைக்கக் கொடுக்க வந்த மருந்துக்கடைக்காரியின் இடுப்பளவை நான் வாய்க்குள் சொல்லிக் குறித்துக்கொண்டேன். இவர் அதைச் சரிபார்க்கிறேன் என்று சத்தமாகத் திருப்பிச் சொன்னார். அவள் துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 9

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. நூலகத்து வாசலில் ஓர் அறிவிப்பு. ஞாயிறுதோறும் தேனீ வளர்ப்புப் பயிற்சி, புதியவர்களுக்கும் ஓரளவு தெரிந்தவர்களுக்கும். இவர் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "தேனீயா? ஐயோ, நான் வரமாட்டேன்பா" என்றார்.

அந்த நிமிடமே பெயர் கொடுத்தேன்.

பிப்ரவரி 16

முதல் வகுப்பு. சொல்லித்தருகிறவர் வார நாட்களில் பல் டாக்டராம். பெட்டியைத் திறக்கும்போது, "லேசா வலிக்கும், பயப்படாதீங்க" என்றார். பழக்கதோஷம்.

முகவலை போட்டுக்கொண்டு குனிந்தால் உள்ளே ஒரே இரைச்சல். ஆயிரக்கணக்கில் பெண்கள், தலைக்கு மேல் வேலை, ஆனால் ஒருத்தி வேலையில் இன்னொருத்தி மூக்கை நுழைப்பதாகத் தெரியவில்லை. ஆண் தேனீக்கள் என்ன செய்யும் என்று கேட்டேன். "சாப்பிடும். சும்மா சுத்தி வரும்." வகுப்பிலிருந்த மனைவிமார்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தையல்காரி கை என்பதால் எனக்குத் தேனடை கட்டிய மரச்சட்டத்தைத் தூக்குவது நன்றாக வருகிறதாம். பாராட்டினார். என்னை யாராவது பாராட்டி எவ்வளவு நாளாயிற்று?

பிப்ரவரி 23

ராணியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கிடைக்கவில்லை. வெளிச்சம் போதாது என்றேன். பேக்கரிக்கார அம்மா, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். அவளுக்கும்தான் கிடைக்கவில்லை.

மார்ச் 2

இன்றைய பாடம்: வாசனை. வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டிப் பக்கம் வரக்கூடாது. ஒரு தேனீ கொட்டினால் ஒரு வாசனையை விடுமாம், கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை. "மத்ததுங்களுக்கு அது அழைப்பிதழ் மாதிரி. குடும்பத்தோட வந்து கொட்டிட்டுப் போகும்" என்றார் டாக்டர்.

மார்ச் 15

பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. தோட்டத்துக் கடைசியில், மதிலோரமாக வைத்தேன். இவர் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அங்கே முகவலை கொடுப்பார்கள்.

மார்ச் 19

ஜன்னல் திறந்திருந்தது. "இடது பக்கம் ஒண்ணு கோணலாப் பறக்குது."

மார்ச் 22

நாற்காலி பின்வாசற்படிக்கு வந்துவிட்டது.

மார்ச் 26

நாற்காலி துணிக்கொடிக்கு அடியில். "உள்ள போறதைவிட வெளிய வர்றது கம்மியா இருக்கு. எங்கயோ தேங்குது." பயம் எங்கே போயிற்று இந்த மனுஷனுக்கு? பயந்த சுபாவம் என்று நம்பித்தானே இத்தனை ஏற்பாடும் செய்தேன்.

மார்ச் 30

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

பெட்டியைத் திறந்து மூன்றாவது சட்டத்தைத் தூக்கியிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். நாற்காலியைக் கைக்கெட்டும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். கையில் வாழைப்பழம். தோலை உரித்துக்கொண்டே, "அந்தச் சட்டத்தை நேரா பிடிம்மா" என்றார்.

பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வலைக்குள் வாயை மூடிக்கொண்டு சட்டத்தை நேராகப் பிடித்தேன்.

முதல் கொட்டு காதில். அடுத்தது மூக்கில். அப்புறம் இவர் எழுந்து ஓடியதால் பின்பக்கத்தில். நாற்காலி ஒரு திசை, செருப்பு ஒரு திசை, பழத்தை மட்டும் விடவில்லை. வலைக்குள் நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் மூக்கு தக்காளி மாதிரி. நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தார். "நான் என்ன தப்பு பண்ணேன்? சொல்லு, அடுத்த தடவை செய்யாம இருக்கேன்" என்றார். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க. தேனீன்னா கொட்டத்தான் செய்யும்" என்றேன்.

பாவி நான்.

ஏப்ரல் 3

வீக்கம் வடிந்துவிட்டது. இவர் தோட்டத்துப் பக்கம் வருவதில்லை. சரி, அதுதானே வேண்டியிருந்தது? தையலறைக்கும் வருவதில்லை. சமையலறைக்கு வெளியே நின்று, "தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறார். சொந்த வீட்டில், என்னிடம்!

மருந்துக்கடைக்காரியின் துணியை மறுபடியும் கேட்டு வாங்கித் தைத்து முடித்தேன். ஒரு தையல் நிஜமாகவே தள்ளிப்போயிருந்தது. யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

பல் டாக்டர் இன்று பெட்டியைப் பார்க்க வந்தார். புதியவர்கள் எல்லோர் வீட்டுக்கும் ஒருமுறை போவாராம். இவர் காதில் கொடுக்குப் பட்ட தடத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வாழைப்பழம் சாப்பிட்டீங்களா? நம்ம வகுப்புல இது சொல்லிக் கொடுத்த பாடமாச்சே" என்றார். வெகுளி மனிதர். எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது.

டாக்டரை இவர் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அப்புறம் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் கையில பழம் இருந்ததைப் பாத்தியா?"

"பாத்தேன்."

கொஞ்ச நேரம் மேஜை விரிப்பை நேராக்கிக்கொண்டிருந்தார். "அவ்வளவு தொந்தரவாவா இருக்கேன்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டே ஒரு பொய் சொல்லியாயிற்று. "ஆமாங்க" என்றேன்.

தலையாட்டினார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் தேவலை. "கம்பெனியில நானா எங்கயும் போனதில்ல. எங்கயாவது கோளாறுன்னா மணி அடிச்சுக் கூப்பிடுவாங்க, போவேன். நாள் பூரா யாராவது கூப்பிட்டுட்டே இருப்பாங்க. இங்க யாரும் கூப்பிடல. அதான் நானா வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய் டிவியைப் போட்டார், சத்தமில்லாமல்.

இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறேன். அந்த மணியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 9

இவருக்கு ஒரு முகவலையும் முழு உடுப்பும் தைத்தேன். அளவு எடுக்கவில்லை, கைக்கே தெரியும். பின்வாசல் ஆணியில் மாட்டிவைத்தேன். இவர் பார்த்தார். தையலைத் தடவிப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 12

உடுப்பு ஆணியிலேயே தொங்குகிறது. இனி நான் என்ன செய்ய வேண்டும்? பிடித்து நானே மாட்டிவிடவா முடியும்?

ஏப்ரல் 13

வகுப்பில் எனக்கு ராணி கிடைத்தாள்! பேக்கரிக்கார அம்மாவுக்கு வயிற்றெரிச்சல். வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று ஓடிவந்தேன். இவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். தட்டவில்லை.

ஏப்ரல் 16

காலையில் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அடையில் முட்டை இருந்தது, தேன் சேர்ந்திருந்தது, என் தேனீப் பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். கோளாறு ஒன்றும் இல்லை.

சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினேன். "ஏங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டேன். மறுபடியும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இரு, ஒரு வேலையா இருக்கேன்."

என்ன வேலை இவருக்கு? காத்திருந்தேன். தேனீக்கள் கையுறை மேலெல்லாம் நடந்தன. கை வலித்தது. சட்டத்தைக் கீழே வைக்கவில்லை.

வந்தார். முகம் மழித்து, நான் தைத்த உடுப்பைக் கழுத்துவரை பூட்டி, வலைக்குள் தலையைப் படிய வாரியிருந்தார். கம்பெனிக்குப் போகும்போது அப்படித்தான் வாருவார். கொஞ்சம் தள்ளி நின்று, அந்த வேலைக் குரலில் கேட்டார்.

"சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணும் இல்லங்க. சும்மா கூப்பிட்டேன்" என்றேன்.