நூற்றிருபது சதுர அடி

அக்டோபர் 4, சனி

வெயில் ஒருவழியாக அடங்கியிருக்கிறது. மைதானத்துக்கு வரும்போது வண்டியில் ஏ.சி. போடவில்லை. அரிசோனாவில் அப்படியென்றால் பாராசூட்டில் குதிக்கும் சீசன் தொடங்கிவிட்டது.

முதல் விமானம் கிளம்புமுன் எல்லோரையும் நிறுத்தி என் வழக்கமான பாட்டைப் பாடினேன். முதலில் தரையிறங்குபவர் எந்தத் திசை பார்த்து இறங்குகிறாரோ, பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் அதே திசை. நடுவில் காற்று மாறினாலும் அதேதான். தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பிறகு, எதிர்க்காற்றில் இறங்கலாமே என்று யாரும் பாராசூட் குடையைத் திருப்பக்கூடாது. "காத்து முதுகுல அடிச்சா தோல் போகும். தாழ்வுல திரும்பினா கால் போகும்." வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, இப்போது நான் வாயைத் திறந்ததுமே பின்வரிசை கோரஸாகச் சொல்கிறது. கோரஸைத் தொடங்கி வைப்பது வேறு யாருமில்லை, என் புருஷன் ராய்ஸ்.

மதியம் நோலன் வந்தான். போன வருடம் தாழ்வில் திரும்பித் தொடையெலும்பை உடைத்துக்கொண்டானே, அவனேதான். கையில் தடி, தோளில் ஒரு பை. பைக்குள் அன்றைக்கு அவனைக் கீழே போட்ட அதே பாராசூட்: நீலமும் மஞ்சளும், நூற்றிருபது சதுர அடி. இனிமேல் குதிக்கப்போவதில்லை, விற்கிறேன் என்றான். "துணியில ஒரு கீறல்கூட இல்லப்பா. எல்லாம் என் மேலதான்." எல்லோரும் சிரித்தோம். எங்கள் கூட்டத்துக்குச் சிரிக்காமல் எதையும் பேச வராது.

ராய்ஸ் சிரிக்கவில்லை. துணியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். 

அக்டோபர் 5, ஞாயிறு

வாங்கிவிட்டான்.

இப்போது அவன் பறப்பது நூற்றெழுபது சதுர அடியில். துணி சிறுத்தால் வேகம் கூடும்; பிடியைக் கொஞ்சம் இழுத்தாலே சுழன்று தரையைப் பார்த்துப் பாயும். குதிக்க ஆரம்பித்து முழுதாக இரண்டு வருடம் ஆகவில்லை இவனுக்கு. நூற்றைம்பதுக்கு வா, ஒரு சீசன் போகட்டும், பிறகு பேசலாம் என்றேன். நீ மட்டும் தொண்ணூற்றேழில் பறக்கவில்லையா என்றான். நான் பதினெட்டு வருடமாகக் குதிக்கிறேன் என்றேன். அந்தக் கணக்குப்படி தனக்குக் கிழவனான பிறகுதான் அனுமதி கிடைக்குமா என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இந்த மைதானத்தின் பாதுகாப்பு என் பொறுப்பு, இங்கே அந்தக் குடையைத் திறக்கக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். யார் எதை முதல் தடவை செய்தாலும் மற்றவர்களுக்கு ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். புதுக் குடைக்கும் உண்டு. மைதானத்துச் சொந்தக்காரர் கஸ் "முதல் தடவை!" என்று குரல் கொடுத்தார். ராய்ஸ் பீர் வாங்கி வந்தான். வேண்டாம் என்று நான் சொன்ன குடைக்காக அத்தனை பேரும் குடித்தார்கள். நானும் ஒன்று குடித்தேன். ஏன் குடித்தேன்?

அக்டோபர் 8, புதன்

முட்டை பொரித்தான். ஒருவருக்கு மட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளியூரில் வேலை, ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏ.சி. மாட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். இன்று துணி துவைக்க எடுத்தபோது அவனுடைய பறக்கும் உடுப்பில் முழங்காலெல்லாம் பச்சைக் கறை. புல். எங்கள் மைதானத்தில் புல் ஏது? மண்ணும் சரளையும் கள்ளியும்தான்.

கேட்டேன். மறைக்கவில்லை. மாநில எல்லையைத் தாண்டி, புல்தரை உள்ள ஒரு மைதானத்துக்குப் போயிருக்கிறான். நூற்றிருபதில் நன்றாகவே இறங்கினேன் என்றான். போனில் வீடியோ காட்டினான்.

அழகாக இருந்தது. இரண்டு தடவை பார்த்தேன். திரும்பி, நேராகி, புல்லை உரசிக்கொண்டு எவ்வளவு தூரம் போகிறான்! கையில் திறமை இருக்கிறது இவனுக்கு. அதுதான் எனக்குப் பயம். திறமை இல்லாதவன் ஒரு தடவை விழுந்தாலே விட்டுவிடுவான். இவன் விழும்வரை விடமாட்டான்.

அக்டோபர் 14, செவ்வாய்

அந்தப் புல்தரை மைதானத்தைப் போனில் கூப்பிடுவதா, வேண்டாமா?

எங்கள் கூட்டத்தில் ஒருவரை இன்னொரு மைதானத்தில் காட்டிக்கொடுப்பது — அதைச் செய்தவர்களோடு யாரும் பேசமாட்டார்கள். அதுவும் சொந்தப் புருஷனை.

கூப்பிட்டேன். அங்கே பாதுகாப்பு பார்ப்பது மார்கரீட். பழைய சிநேகிதி. ராய்ஸ் தன்னை ஐந்து வருட அனுபவமுள்ளவன் என்று சொல்லியிருக்கிறான் அவளிடம்.  இனி இங்கே அவனுக்கு விமானம் கிடையாது என்றாள். நான் நன்றி சொன்னேன். 

அக்டோபர் 18, சனி

ராய்ஸுக்குத் தெரிந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில், ஆட்கள் பார்க்க.

"பொண்டாட்டியா நீ, போலீஸா?"

"பொய் சொன்னது யாரு ராய்ஸ்? அஞ்சு வருஷம்னு சொன்னது யாரு?"

"உனக்கு நான் சாவேன்னு பயமில்ல லீட்டா. உன்னவிட நல்லாப் பறந்துடுவேன்னுதான் பயம்."

  அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்றிலிருந்து மைதானத்து டிரெய்லர் வண்டி வீட்டில் தங்கப்போகிறானாம்.

நான் போய் உட்கார்ந்த மேஜையில் பேச்சு நின்றது. குடை மடிக்கும் கொட்டகையில் என் அலமாரியில் எவனோ டேப் ஒட்டி "ஹெட்மிஸ்ட்ரஸ்" என்று எழுதியிருந்தான். கிழிக்காமல் விட்டுவிட்டேன். கிழித்தால் நாளைக்கு இன்னும் பெரிதாக எழுதுவான்கள்.

அவன் சொன்னதில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறதா? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கஸ் கூப்பிட்டுச் சாப்பிட பர்ரிட்டோ வாங்கிக் கொடுத்தார். கஸ் சும்மா வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை.

அவர் சொன்னது இது: இங்கே தடுத்தால் இன்னொரு இடம் போவான், அங்கே தடுத்தால் வேறொரு இடம். பார்க்க ஆளில்லாத இடத்தில் விழுவதைவிட நம் கண்ணெதிரே பறக்கட்டும். வெளியிலிருந்து ஒருவரை அழைத்து இறங்கும் பயிற்சி கொடுப்போம். அதன்பின் நூற்றிருபதில் நேராக மட்டும் இறங்கவேண்டும், வேகத்துக்காகத் திருப்பும் வேலை கிடையாது. "நீ கூடவே குதி. அவன்மேல ஒரு கண்ணு வை."

சரி என்றேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததாலா? இல்லை, ஒரு வாரமாக யாரும் என்னோடு சேர்ந்து சாப்பிடாததாலா? நேர்மையாக எழுது லீட்டா. இரண்டும்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

பயிற்சி முடித்தான். இன்று இங்கே முதன்முதலாக நூற்றிருபதில். நான் தரையில் நின்று பார்த்தேன். நேராக வந்தான், நேராக இறங்கினான், நடந்து போனான். திரும்பவும் "முதல் தடவை!", திரும்பவும் பீர். என் பக்கம் வந்து ஒரு குப்பியை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். 

நவம்பர் 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டான். முட்டை இரண்டு பேருக்கும். ஆனாலும் அவன் குடைக்குக் கீழே தொங்குகிற ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு நின்று வருகிறது. மேலே இருந்து பார்த்தாலும் அப்படித்தான், கீழே இருந்து பார்த்தாலும் அப்படித்தான்.

நவம்பர் 19, புதன்

இடது கையால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி. உயிரோடு இருக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

எழுத முடியவில்லை. ராய்ஸுக்கு ஒன்றுமில்லை. தோல் மட்டும்.

நவம்பர் 25, செவ்வாய்

இன்று கொஞ்சம் எழுதலாம் போலிருக்கிறது. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது, பரவாயில்லை.

15ஆம் தேதி, சனிக்கிழமை, மதியத்துக்கு மேல். ராய்ஸைக் கண்ணில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று நான் உயரத்திலேயே குடையைத் திறந்தேன். தொண்ணூற்றேழு வேகமாக இறங்கும் குடை. பிடிகளை இழுத்து வைத்து, அதை அடக்கி அடக்கி அவனுக்குப் பின்னாலேயே வந்தேன். எங்களுக்கு முன் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள், எல்லோரும் மலையைப் பார்த்து. அப்போது காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.

ராய்ஸ் மலையைப் பார்த்து நேராகி வரும்போது ஓடுபாதைப் பக்கம் ஒரு புழுதிச்சுழல் எழுந்தது. கம்பத்தில் திசை காட்டும் காற்றுப்பை தொங்கியது, அப்படியே மறுபக்கம் திரும்பி விறைத்துக்கொண்டது. இப்போது காற்று அவன் முதுகில். அந்தச் சின்னத் துணியில், அந்த வேகத்தில். அவன் தலை காற்றுப்பையின் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். வலது கை கொஞ்சம் இறங்கியது. திருப்பாதே, திருப்பாதே என்று கத்தினேன். அவனுக்கு எங்கே கேட்கும்?

கை மேலே போய்விட்டது. திருப்பவில்லை. நேராக வந்து, காலை நீட்டி, சரளையில் சறுக்கி, உருண்டு, புழுதிக்குள் காணாமல் போனான். புழுதி விலகியபோது எழுந்து நின்றான். நின்றுவிட்டான்! நான் மேலே தொங்கிக்கொண்டே சத்தம் போட்டு அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை.

அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் தரையை மறந்துவிட்டேன். குனிந்தால் சரளைக்கற்கள் தனித்தனியாகத் தெரிகின்றன, காற்று என்னைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, தரை ஓடுகிறது. என் இடது கை பிடியை இழுத்தது. நான் இழுத்தேன் என்று எழுதவேண்டும். யோசித்து இழுக்கவில்லை, ஆனால் இழுத்தது நான்தான். எதிர்க்காற்று வேண்டும் என்று திருப்பினேன். தாழ்வில்.

தொடையெலும்பு, இடுப்பு, வலது மணிக்கட்டு.

முதலில் ஓடிவந்தது ராய்ஸ். முழங்கையில் தோல் இல்லை, தாடையில் ரத்தம். என் தலையை அசைய விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதுகொண்டே கேட்டான்.

"நேரா இறங்குன்னு நீதானடி சொன்ன. நான் இறங்கிட்டேன்ல. நீ ஏன் திரும்பின?"



டிசம்பர் 12, வெள்ளி

கஸ் வந்தார். பாதுகாப்புப் பொறுப்பு வேண்டாம் என்றேன். சொல்லிச் சொல்லிக் கொடுத்ததையே செய்யத் தெரியாதவளுக்கு அது எதற்கு? அவர் எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், அப்புறம் பேசலாம் என்றார். ராய்ஸ் தினமும் வருகிறான். குடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கும் கேட்கப் பயம்.

ஜனவரி 17, சனி

கைத்தாங்கியோடு சமையலறைவரை. திரும்பி வர ராய்ஸ் வேண்டியிருந்தது. கோபமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 7, சனி

மைதானத்துக்குப் போனேன்.

முதல் விமானத்துக்கு முன் கஸ் எல்லோரையும் வரச்சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பேசச் சொல்வார் என்று நினைக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தேன். திசை, காற்று, எல்லாம் சொன்னேன். "காத்து முதுகுல அடிச்சா தோல் போகும்" என்றேன். அதோடு நின்றுவிட்டேன். கோரஸ் வரவில்லை. பின்வரிசையிலிருந்து ராய்ஸ் மட்டும், கிண்டல் இல்லாமல், மீதியைச் சொன்னான்.

அதன்பிறகுதான் பார்த்தேன். கறி சுடும் இடத்துக்கு மேலே புதிதாக நிழல்பந்தல். நீலமும் மஞ்சளும். அந்த நூற்றிருபதின் கயிறுகளையெல்லாம் ராய்ஸ் அறுத்துவிட்டு, நாலு கம்பத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே செய்துவிட்டானாம். இப்போது பறப்பது நூற்றைம்பது. எனக்குச் சொல்லவே இல்லை. நீ பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றுதான் விட்டேன் என்றான். பந்தலுக்குக் கீழே நோலன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "இதுக்குக் கீழ பயமில்லாம இருக்கறது இப்பதான்" என்றான்.

என் தொண்ணூற்றேழு அலமாரியில் அப்படியே இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் டேப்பும் அப்படியே. குடையை வெளியே எடுத்து மேஜைமேல் விரித்தேன். ஒரு கீறல்கூட இல்லை. இந்த சீசனில் புதிதாகச் சேர்ந்த ஜோலீன் என்கிற பெண் பக்கத்தில் வந்து நின்றாள். விற்கிறீர்களா என்று கேட்டாள். இப்போது வேண்டாம், பின்னால் என்றைக்காவது பறப்பதற்குத்தான் என்றாள். கேட்டுக்கொண்டே துணியை விரலால் தடவினாள்.

அந்த விரலை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

குடை மடிக்கும் மேஜையிலிருந்து கத்திரியை எடுத்தேன். கயிறுகள் லேசில் அறுபடவில்லை, வலது மணிக்கட்டில் இன்னும் பலம் வரவில்லை. பாதியில் ராய்ஸ் வந்தான். கத்திரியைப் பிடுங்கவில்லை. நான் வெட்ட வசதியாகக் கயிறுகளைச் சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டான்.  பதினெட்டு வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த குடை. அழுகை வந்தது, வெட்டினேன்.

கடைசிக் கயிறு அறுந்ததும் கொட்டகை வாசலிலிருந்து கஸ்ஸின் குரல் கேட்டது.

"முதல் தடவை!"

நானும் ராய்ஸும் பீர் வாங்கக் கிளம்பினோம். வண்டியை அவன்தான் ஓட்டினான்.