தகடு கோணாத கை

வெள்ளி, 12 ஜூன் 1987

ஸ்ரீபெரும்புதூரில் புதிதாக வந்த வீடியோ கேம் கடையில் இன்றும் தோற்றேன். விண்கப்பல் சண்டை. என் ஆயுதம் வெப்பக் கதிர். ஒரே இடத்தில் விடாமல் பிடித்தால்தான் எதிரிக் கப்பல் சிவந்து வெடிக்கும். விலக்கினால் உடனே ஆறிவிடும். தெரிந்தும், சிவந்ததுமே என் கை அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. அதற்குள் அவன் என்னைச் சுட்டுவிடுகிறான். கூட வந்த ஃபிட்டர் செல்வம் சிரித்தான்: “இன்னாண்ணே, கப்பலுக்கு ஒத்தடம் குடுத்துகினு கீற?”

பன்னிரண்டு வருஷமாக வெல்டிங். ஒரே இடத்தில் சூடு நின்றால் தகடு கோணிவிடும் என்று, இடம் விட்டு இடம் பற்றவைத்தே பழகிய கை. சூப்பர்வைசரே மெச்சிய கை. எதிரியின் தகடுகூடக் கோணக் கூடாது என்கிறது, சனியன்.