திரும்பிப் பார்க்காமல் வைத்த சோறு

பத்தாங் பெர்ஜுந்தை,
9.8.1951

அன்பு மகள் நவமணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்க முனியாண்டியை வேண்டிக்கொள்கிறேன். வேண்டும்போதே அவர் மேல் கோபமும் வருகிறது. உன் அண்ணன் அர்ஜுனனைப் போலீஸ் பிடித்துப் போய் ஒரு வாரமாகிறது, ஜாமீனும் கிடையாதாம்.

ஆடிப் படையல்தான் காரணம். தோட்டத்தில் நம் லயத்து வீடுகளைச் சுற்றி இப்போது முள்வேலி, ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். நம் முனியாண்டி கோயில் வேலிக்கு வெளியேதானே இருக்கிறது. சாமி பட்டினி கிடந்தால் நமக்குக் காவல் ஏது என்று உன் அம்மா ரேஷன் அரிசியில் மிச்சம் பிடித்துப் பொங்கி, கருவாட்டுக் குழம்போடு வாழை இலையில் மடித்துக் கொடுத்தாள். அர்ஜுனன் அதை ரப்பர் பால் வாளிக்குள் மறைத்துக் கொண்டுபோய்ப் படைத்துவிட்டு, வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான். மறுநாள் வெறும் இலை கிடந்தது, பக்கத்தில் சப்பாத்துத் தடம். அவன் அந்தப் பக்கம் போனதை வேலை மேய்க்கும் மண்டோர் பார்த்திருக்கிறார். யார் தின்றது என்று போலீஸ் கேட்டதற்கு, திரும்பிப் பாத்தா சாமி குத்தமாயிடும், நான் பாக்கல ஐயா என்றானாம். இதை எந்த வெள்ளைக்காரன் நம்புவான்? பொங்கியது யார் என்றதற்கு, நானேதான் என்றிருக்கிறான். அவனுக்கு உலை வைக்கக்கூடத் தெரியாது.

போலீஸ் காகிதத்தில் 'இம்ப்ளிகேட்' என்று ஒரு சொல் இருந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிவானந்தத்திடம் அர்த்தம் கேட்டேன். குற்றத்தில் சம்பந்தப்படுத்துவதாம், செய்தான் என்றுகூட இல்லை. பழைய லத்தீன் பாஷையில் உள்ளே வைத்து மடிப்பது, சுற்றிப் பின்னுவது என்பதிலிருந்து வந்ததாம். படித்தவர், ரசித்துச் சொன்னார். எனக்கு அந்த இலைதான் கண்ணில் நின்றது. சோற்றோடு என் பிள்ளையையும் வைத்து மடித்துவிட்டார்கள். பாவம் ஓரிடம் பழி ஓரிடம். இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பேச்சு. இங்கே பிறந்தவனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? பொங்கியது நான் என்று சொல்லப் போகிறேன் என்கிறாள் அம்மா. தடுக்க மனம் வரவில்லை, நாளைக் காலை நானும் கூடப் போகிறேன்.

எங்களோடு இது நிற்காது மகளே. நீயோ சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகுகிறவள். அதனால் நீ வர வேண்டாம், பதிலும் போட வேண்டாம். லோரி ஓட்டும் உடையப்பன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போடு. நேற்று இன்ஸ்பெக்டர் வந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரே மகன், வேறு யாருமில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள், அவளும் மறுக்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே. திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இரு, நன்றாக இருப்பாய்.

உன் அப்பா,
சன்னாசி