ஜன்னல் விளிம்பில் முப்பத்தொரு கப்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் இடது முழங்கால் நீங்கலாக. அது எந்தக் காலத்தில் சௌக்கியமாக இருந்தது. அங்கே நீயும் மருமகளும் பாப்பாவும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல்லு. வாரா வாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் நீ நடுவில் புகுந்து சரிம்மா சரிம்மா என்பாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு என்ன சமைத்தாய் என்று கேட்டு வைத்துவிடுவேன். பேப்பரில் எழுதினால் யாரும் குறுக்கே வர முடியாது. பள்ளிக்கூடத்து விஷயம்தான், ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

குளிர் விட்டு ஐந்து வாரம் ஆகிறது. வகுப்பு ஜன்னல்களைத் திறந்தாயிற்று, ஒன்று மட்டும் வழக்கம்போல இறுகிக்கொண்டு திறக்கவில்லை, கணக்கு டீச்சர் தோளைக் கொடுத்துத் தள்ளி அவர் தோள்தான் வீங்கியது. பிள்ளைகள் மதியம் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு மாலையில் அது இல்லாமலேயே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், ஆபீஸ் அறையில் பதினேழு ஸ்வெட்டர் சேர்ந்திருக்கிறது, ஒன்றுக்கும் சொந்தக்காரர் கிடையாது, போட்டுக்கொண்டு வந்த பிள்ளையிடமே காட்டினாலும் எனக்குத் தெரியாது மிஸ் என்கிறது. இந்த வருஷம் மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விட்டோம், இரண்டு அப்பாக்கள் வந்து வேலிக்குப் பெயின்ட் அடித்தார்கள், வேலியில் பாதியும் அவர்கள் சட்டையில் பாதியும். அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

விதை போடுவதும் வழக்கம்போல நடந்தது. குளிர் விட்ட முதல் திங்கட்கிழமை, ஆளுக்கு ஒரு பேப்பர் கப், ஆளுக்கு ஒரு சூரியகாந்தி விதை, கப்பின் மேல் அவரவர் பெயர், எல்லாம் பெரிய வகுப்பின் ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிற்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அப்பா அம்மாக்கள் வந்து சுற்றுச்சுவர் ஓரமாக நட்டுவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயாம்மா வந்து தண்ணீர் ஊற்றுவார், அதற்கென்று ஒரு சாவி அவரிடம் இருக்கிறது. இதெல்லாம் உனக்கே தெரியும், நீயும் வரிசையில் கப் வைத்தவன்தானே. உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஸ்டோர் ரூம் அலமாரியின் உச்சியில், யார் கண்ணுக்கும் படாமல், பெயர் எழுதாத கப் எட்டோ பத்தோ நான் தனியாகப் போட்டு வைப்பேன். பிள்ளைகள் போட்டதில் எது முளைக்கவில்லையோ, நடுகிற வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் போய் அந்தக் கப்பின் மண்ணை வாளியில் கொட்டிவிட்டு, தனியாகப் போட்டதில் ஒரு செடியை மண்ணோடு தூக்கி அதில் வைத்துவிடுவேன். திங்கட்கிழமை காலையில் முப்பத்தொரு பிள்ளைக்கும் செடி இருக்கும். ஒருத்தரும் அழ மாட்டார்கள். இருபத்து நான்கு வருஷமாக இதுதான் நடைமுறை, எனக்கும் ஆயாம்மாவுக்கும் மட்டும் தெரியும், தெரியும் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுகூடக் கிடையாது.

இந்த வருஷம் ஆறு முளைக்கவில்லை. ஆறையும் மாற்றினேன். அதில் ஒன்று பஸ் ஓட்டுகிறவருடைய மகளின் கப், இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் விழுந்து பேசினால் காற்றுதான் வருகிறது, அதற்காகப் பேச்சைக் குறைக்கிற ரகம் இல்லை. திங்கட்கிழமை வந்தாள், செடியைப் பார்த்தாள், எல்லோரும் குதித்தார்கள், அவள் குதிக்கவில்லை. விரலை விட்டு மண்ணைக் கிளறத் தொடங்கினாள். என்ன பண்றே என்றேன். பல்லத் தேடறேன் மிஸ் என்றாள். விழுந்த பல்லை விதையோடு சேர்த்துப் புதைத்திருக்கிறாள். ஏன்டி இப்படி என்றதற்கு, ரெண்டும் ஒரே மாதிரிதானே மிஸ் இருக்கு, ரெண்டுல ஒண்ணாவது முளைக்கட்டும்னு போட்டேன் என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. அவள் கப்பை அப்படியே மேஜையில் கவிழ்த்து ஒவ்வொரு கட்டியாக உடைத்துப் பார்த்துவிட்டு, வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னாள், இது என் கப்பு, ஆனா இது என் மண்ணு இல்ல, யாரோ எடுத்துட்டாங்க.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கணக்கு டீச்சர் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஆயாம்மா துடைக்கும்போது கப் கைதவறி விழுந்திருக்கும், பயந்துபோய் வேறு மண்ணைப் போட்டு வைத்திருப்பார் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இருக்கலாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆயாம்மா கதவோரம் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சின்னப் பள்ளிக்கூடத்தில் செய்தி நடந்து போகாது, ஓடும். செவ்வாய்க்கிழமை கேட்டருகே பிள்ளையை விட வந்த அம்மாக்கள் இரண்டு பேர் இரண்டு பேராக நின்று பேசினார்கள். என் பையனோட பென்சில் பாக்ஸும் போன மாசம் காணாமப் போச்சு என்று ஒருத்தி, எங்க வீட்டுத் தண்ணி பாட்டிலும்தான் என்று இன்னொருத்தி. தண்ணி பாட்டில் அந்தப் பதினேழு ஸ்வெட்டருக்கு அடியில்தான் கிடந்தது, அது வேறு விஷயம். புதன்கிழமை பெற்றோர் குழுத் தலைவர் வந்தார், அதான் மருந்துக்கடைக்காரர், நல்ல மனுஷர், ஆனால் எதையும் சீட்டில் எழுதியிருந்தால்தான் நம்புவார். சனிக்கிழமை நடவு முடிந்ததும் குழு கூடுகிறது, ஆயாம்மாவுக்கு அடுத்த வருஷத்து வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்பதும் அன்றைக்குத்தான், பிள்ளைங்க பொருள்ல கை வைக்கிறவங்கள வச்சுக்கிட்டா நாளைக்கு எங்களைத்தானே கேப்பாங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க டீச்சர், அது போதும் என்றார். நான் பார்க்கலாம் என்றேன். ஆயாம்மாவுக்கு வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர் இருக்கிறார், இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கிற வயசும் இல்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் பார்க்கலாம் என்றேன். உன் அம்மாவை நல்லவள் என்று நீ நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பாய், அதற்காக இதையும் எழுதி வைக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை பிள்ளைகள் போன பிறகு ஆயாம்மா ஆபீஸ் அறைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாவியை என் மேஜையில் வைத்தார். இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர், நான் வந்து போனா பேச்சு வளரும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சண்டை போடவும் இல்லை. அலமாரி மேல நான் தண்ணி ஊத்தின கப்புல ஆறு இப்ப காலியா இருக்குன்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும், நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்குமாறை எடுத்துக்கொண்டு போனார். நான் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது. எனக்கு வயசு ஐம்பத்தொன்பது, இருந்தும் வகுப்பில் தப்புப் பண்ணிவிட்டுப் பெஞ்சுக்கு அடியில் பார்க்கிற பிள்ளை மாதிரிதான் இருந்தேன்.

பள்ளிச் செய்தித்தாள் ஒன்று மாதா மாதம் வீடுகளுக்கு அனுப்புவேனே, ஒரே பேப்பர், இரண்டு பக்கம், அன்றைக்குத்தான் அதை எழுதி முடிக்க வேண்டும். எழுதினேன். முதல் செய்தி, பதினேழு ஸ்வெட்டர்கள் சேர்ந்துள்ளன, வந்து அடையாளம் காட்டி எடுத்துச் செல்லவும். இரண்டாவது, ஊஞ்சல் சரி செய்யப்பட்டது, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மூன்றாவது, ஜன்னலில் இருந்த கப்புகளில் ஆறில் விதை முளைக்கவில்லை, தலைமையாசிரியையான நான் யாரிடமும் சொல்லாமல் வேறு செடிகளை அவற்றில் மாற்றி வைத்தேன், அப்போது ஒரு மாணவியின் பல்லும் மண்ணோடு போய்விட்டது, ஆயாம்மாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர்மேல் பழி விழுந்தபோது நான் நான்கு நாள் பேசாமல் இருந்தேன், அதற்காக அவரிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நான்காவது, நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தரவும். வெள்ளிக்கிழமை முப்பத்தொரு பைக்குள்ளும் போட்டு அனுப்பினேன். வீட்டில் உன் அப்பா ஒரு பிரதியைப் படித்துவிட்டு, இதை நாலாவதாப் போட்டிருந்தா பாதிப் பேர் படிச்சிருக்கவே மாட்டாங்களே என்றார். அதனால்தான் மூன்றாவதாகப் போட்டேன் என்றேன்.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள், வழக்கமாக வராதவர்களும் வந்தார்கள். சில அம்மாக்கள் சிரித்தார்கள், இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அது நியாயம்தான். பிள்ளைகள்தான் பாடாய்ப் படுத்திவிட்டார்கள். என்னோடது நெசமா மிஸ், என்னோடது நெசமா என்று வரிசையாக நின்று கேட்டார்கள், ஆறு பெயரையும் சத்தமாகப் படித்தேன், மீதி இருபத்தைந்து பேரும் அன்றைக்கு நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. ஆறு பேரில் ஒருத்தரும் அழவில்லை. அழுவார்கள் என்று நான்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ்காரர் மகள் பல்லைக் கேட்டாள், வாளி மண்ணை நானும் அவள் அப்பாவும் சல்லடையில் போட்டுச் சலித்தோம், ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது, பல் கிடைக்கவில்லை. சரி மிஸ் வேற விதை குடுங்க, ஆனா யாரும் தொடக் கூடாது, நீங்களும்தான் என்றாள். போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பதினோரு நாள் ஆகிறது, இன்னும் ஒன்றும் வரவில்லை. நான் அந்த ஜன்னலைக் கடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறேன்.

ஆயாம்மாவின் வேலையை நீட்டித்தாயிற்று, மருந்துக்கடைக்காரரே முதலில் கையெழுத்துப் போட்டார். சாவியைத் திருப்பிக் கொண்டுபோய் நானே கொடுத்தேன், நேரிலும் மன்னிப்புக் கேட்டேன். வாங்கிக்கொண்டு, நாலு நாள் ஆச்சு டீச்சர் உங்களுக்கு என்றார். பிறகு அவர் கேட்டார், எல்லாருக்கும் சொல்லிட்டீங்க, தம்பிக்குச் சொல்லிட்டீங்களா.

தம்பி என்றது உன்னைத்தான். அதற்குத்தான் இந்தக் கடிதம். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் வந்த முதல் மூன்று வருஷம் அலமாரி மேலே எந்தக் கப்பும் கிடையாது, முளைத்தது முளைத்தது, முளைக்காதது முளைக்கவில்லை. நாலாவது வருஷம் நீ இரண்டாம் வகுப்பு. அந்த வருஷம் இருபத்தாறு கப், இருபத்தைந்தில் பச்சை தெரிந்தது, உன்னுடையதில் மட்டும் வெறும் மண். ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஜன்னலில் நான் வளர்த்திருந்த ஒன்றைக் கொண்டுபோய் அதில் வைத்தேன். அப்போது ஆயாம்மா வேலைக்குப் புதிது, வாசலில் நின்று பார்த்துவிட்டார். நீ அழுவாயே என்று வைத்தேன் என்று எனக்கே இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டேன். அது பொய். டீச்சர் மகன் கப்பில் ஒன்றும் வரவில்லை என்று நாலு பேர் பார்ப்பார்களே என்று வைத்தேன். என் பிள்ளைக்கு மட்டும் செய்துவிட்டோமே என்று உறுத்தியது, அடுத்த வருஷத்திலிருந்து எல்லோருக்கும் செய்தேன். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்ததே, நீ தினமும் ஸ்கேல் வைத்து அளந்தாயே, அது நான் வளர்த்த செடி. நீ போட்டது முளைக்கவே இல்லை, ராசா. உன் அப்பாவுக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும், எனக்கு அப்பவே சந்தேகம், அவன் விதையைத் தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்தானே என்கிறார்.

போன வாரம் போனில் பாப்பா அழுதாள். பால்கனித் தொட்டியில் அவள் போட்டது வரவில்லை, அப்பா கை வச்சா எதுவும் முளைக்குமாம், எனக்குத்தான் வரல பாட்டி என்றாள். நீ அந்தப் பக்கமிருந்து அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாய், நான் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டு வைத்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, மருமகளை நான் கேட்டதாகச் சொல்லு, மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் பாப்பாவைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, அப்பா போட்டதும் முளைக்கவில்லை என்று சொல்லு. பாட்டிதான் பொய் சொல்லிவிட்டாள் என்றும் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா