சாட்சிப் பொருளான முன்கண்ணாடி

லிந்துலை,
19.7.1957

அன்பு மகன் அழகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா சண்முகவடிவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், கொழும்பு வெயிலில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். இதற்கு மேல் நல்ல சேதி எதையும் இந்தக் கடிதத்தில் தேடாதே, நான் கோபமாக இருக்கிறேன்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி, காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பியதும், பெரியதுரையும் சின்னத்துரையும் பெரிய கிளாக்கரும் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஆலோசித்து, இந்தத் தேயிலைத் தோட்டம் உண்டான நாளிலிருந்து யாருக்கும் தோன்றாத ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். ஊழியர் எவரும் முன்கண்ணாடி பூட்டிய மோட்டார் சைக்கிளைத் தோட்டத்து ரோட்டில் ஓட்டக்கூடாது. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஊழியன் நான் ஒருவன்தான், முன்கண்ணாடி நீ அனுப்பியது ஒன்றுதான். ஆனாலும் மூன்று பிரதி டைப் செய்து, ஒன்றை ஆபீசிலும் ஒன்றை என் ஆஸ்பத்திரிக் கதவிலும் ஒட்டி, மூன்றாவதைத் தோட்டத்தை நிர்வகிக்கும் கொழும்பு ஏஜென்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு நூல். மேல் டிவிஷனுக்கு ஏறும்போது மழைக்காற்று நெஞ்சில் அறைகிறது என்று நான் எழுதினேன். ஹேண்டிலிலிருந்து மூக்கு வரை அளந்து நூல் அனுப்புங்கள், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஓட்ட வேண்டும் என்று நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன், உன் அம்மா நூலைப் பிடித்தாள். மூக்கோடு நின்றால் தலை நனையுமே என்று அவளாகவே முடிவு செய்து, என் கம்பளிக் குல்லாவின் உச்சிவரை பிடித்து வெட்டி, எனக்குக் காட்டாமல் கவரில் போட்டு ஒட்டிவிட்டாள். அவளைக் கோபித்தாயிற்று, இப்போது உன் முறை. நான்கு வருடமாக மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் அந்த நூலைக் கையில் எடுத்தபோது, அப்பாவின் மூக்கு இத்தனை உயரத்திலா இருக்கிறது என்று ஒரு தரம் யோசிக்க வேண்டாமா? அப்படியே பட்டறையில் கொடுத்துச் செய்ய வைத்து, சிநேகிதன் வண்டியில் பூட்டிக் காலிமுகத்திடலில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு கொசுகூட முகத்தில் படவில்லை என்று பெருமையாக எழுதுகிறாய். காலிமுகத்திடலில் பனிமூட்டம் ஏது?

தலவாக்கலை ஸ்டேஷனில் பார்சலை எடுத்து மஃறூப் நானாவின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தவர், "மருந்தய்யா, இது கண்ணாடி இல்ல, கதவு. பூட்டு மட்டுந்தான் வெக்கல" என்றார். பிளாஸ்டிக்தானே, மேலே ஆறு அங்குலம் அறுத்துவிடலாம் என்று அறுப்பு வாளையும் எடுத்தார். பிள்ளை அனுப்பியதில் வாள் வைக்க வேண்டாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டிருந்தாள், எனக்கும் மனம் வரவில்லை. அது என் குற்றம், அதையும் எழுதி வைக்கிறேன். ஹேண்டிலில் இரண்டு கிளிப், முன் ஃபோர்க்கில் இரண்டு கம்பி என்று அரைநாள் பாடுபட்டார். வளைவுக்குத் திருப்பினால் கிளச் கேபிள் நசுங்கியது, அதைக் கழற்றி வெளிப்பக்கமாகச் சுற்றிவிட்டார்.

நான்காம் தேதி காலை ஏழு மணிக்கு மேல் டிவிஷன் வீரய்யா ஓடி வந்தான். மனைவி ராக்காயிக்குப் பிள்ளை பிறந்து இரத்தம் நிற்கவில்லை. அங்கே நடந்து போக இரண்டு மணி நேரம், வண்டியில் இருபது நிமிடம். அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நான்காவது வளைவில் பனி இறங்கிக் கண்ணாடி வெள்ளைச் சுவராகிவிட்டது. மேலாகப் பார்க்க முடியாது, வலப்பக்கம் கழுத்தை நீட்டி ஓட்டினேன். இடப்பக்கம் பெரியதுரை நாயோடு நடந்து வந்திருக்கிறார். துரையைக் கண்டால் வண்டியை விட்டு இறங்கி, குடையை மடக்கி, அவர் போகும்வரை ஓரமாக நிற்பது வழக்கம், பள்ளிக்கூடம் போகும்போது நீயே சைக்கிளோடு ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறங்கி நின்றவன்தான். நான் இறங்கவில்லை. ராக்காயிக்கு ஊசி போட்டேன், இரத்தம் நின்றது. ஆண் குழந்தை, நல்ல குரல். "பேரு நீங்கதான் சொல்லணும் மருந்தய்யா" என்றான் வீரய்யா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் துரை கூப்பிட்டு, என்னைப் பார்த்தாயா பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன் என்றால் இறங்காதது திமிர். பார்க்கவில்லை என்றால் கண் தெரியாமல் வண்டி ஓட்டிய குற்றம். பார்க்கவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்து போனதாகப் பெரிய கிளாக்கர் எழுதிக்கொண்டார். ராக்காயியைப் பற்றிச் சொன்னேன், அது வேறு விஷயமாம். மறுநாள் தீர்மானம் வந்ததும், இப்போதே கழற்றிவிடுகிறேன் என்றேன். கழற்றக்கூடாதாம். ஏஜென்சி விசாரணை முடியும்வரை அது சாட்சிப் பொருள், பூட்டியபடியே இருக்க வேண்டும். கண்ணாடி பூட்டிய வண்டியோ ஓடக்கூடாது. ஆகவே வண்டியை ஸ்டோருக்குள் வைத்துச் சாத்திவிட்டார்கள். என் வண்டி, என் பெட்ரோல், துரையின் பூட்டு. கொழுந்து லொறி மாலையில்தான் மேலே போகும், காலையில் அவசரம் என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "முன்னாலே மருந்தய்யா எல்லாம் நடந்துதானே போனது" என்றார் துரை. மேலே நூற்றிருபது குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கு நோய் வருவதற்கு நேரம் ஒதுக்கிக்கொடுக்க மட்டும் தீர்மானத்தில் மறந்துவிட்டார்கள்.

நீ உடனே யூனியன் ஆட்களோடு ரயிலேற நினைப்பாய். வராதே, இன்னொரு மூன்று பிரதி டைப் செய்வார்கள். ஏஜென்சி ஆபீஸ் உன் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ, குரலை உயர்த்தாதே, அதை நான் இங்கே மருந்து அலமாரியிடம் செய்துகொள்கிறேன். கண்ணாடியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், வண்டியை மட்டும் விடச் சொல். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போக வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள். இனி எந்த அளவு வேண்டுமானாலும் என்னிடம் நேரே கேள். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க எங்கள் இருவருடைய ஆசியும் உண்டு, கோபத்தில் அதைக் குறைக்கவில்லை.

உன் அப்பா,
நல்லமுத்து

பி.கு. கடிதத்தை ஒட்டுமுன் இதையும் எழுதுகிறேன், தேதி இருபது. இன்று காலை ஏழு மணிக்கு வீரய்யா வந்தான், குழந்தைக்கு வலிப்பு. உடனே நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. குழந்தை எட்டரைக்கு இறந்திருந்தது. ஆண், வயது பதினாறு நாள், பெயர் இல்லை.